ஊரப்பாக்கம் பஸ்ஸின் ஆறு நிமிடங்கள்

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஊழியர்களை ஏற்றிவரும் பஸ்கள் கேட்டுக்குள் நுழையும் நேரமும் அதில் பதிவாகும். எது அதிகம் தாமதமாகிறது என்று மேலாளர் கேட்டார். எல்லாப் பஸ்களுக்கும் பொதுவாக ஒரு சராசரி எடுத்து, அதைத் தாண்டியவற்றைப் பட்டியலிட்டுக் கொடுத்தேன். பட்டியலின் தலையில் மாமல்லபுரம் பஸ் ஒன்று இருந்தது.

இரண்டு நாளில் அதன் டிரைவர் என் மேசைக்கே வந்துவிட்டார். கடலோரக் குப்பத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். கையில் விளக்கம் கேட்டு வந்த கடிதம்.

"இன்னாம்மா இது? ஊரப்பாக்கம் வண்டி நேரா ஜிஎஸ்டி ரோட்டப் புடிச்சி வந்துடுது. நான் திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டுன்னு சுத்திகினு வர்றேன். ரெண்டையும் ஒண்ணா வெச்சிப் பாத்தா எப்டி? எங்க ரூட்ல இன்னும் மூணு வண்டி கீது. அதுங்களோட பாரு."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது சரி. மதியமே வினவலை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை, மாற்றி எழுதினேன். பதிவுகளை ரூட்வாரியாகக் குழுவாக்கி, ஒவ்வொரு பஸ்ஸையும் அதன் ரூட்டின் சராசரியோடு மட்டும் ஒப்பிட வேண்டும். அந்தச் சராசரியைக் கண்டுபிடிக்க, கேள்விக்குள்ளேயே இன்னொரு சின்னக் கேள்வி. சப்குவெரி என்பது அவ்வளவுதான்.

அவர் பஸ் தன் ரூட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தது. பட்டியலின் தலையில் இப்போது ஊரப்பாக்கம் பஸ் ஒன்று, தன் ரூட் சராசரியைவிட ஆறு நிமிடம் பின்தங்கி. எண்ணை இரண்டு முறை படித்தேன். நான் தினமும் ஏறும் பஸ்.

ஏன் என்று தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. தாமதமான நாட்களைத் தனியே எடுத்தேன். மழையா, திங்கட்கிழமையா? எதுவும் ஒத்துவரவில்லை. சும்மா ஒரு யோசனையில் என் வருகைப் பதிவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் விடுப்பில் இருந்த நாட்களில் அநேகமாக எல்லாவற்றிலும் பஸ் சரியான நேரத்துக்கு வந்திருந்தது.

மறுநாள் காலை ஏறியதுமே டிரைவரிடம் கேட்டேன். "அண்ணா, தினமும் எனக்காகவா நிக்கறீங்க?"

"பின்ன? தெருமொனைல நீ ஓடியாறது கண்ணாடில தெரியுது. வுட்டுட்டுப் போவ சொல்றியா?"

பின் இருக்கையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களுக்கெல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

மேலாளரிடம் இரண்டு தவறையும் சொன்னேன். கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். மாமல்லபுரம் டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டபோது, "சரி வுடும்மா, இப்பவாவது பாத்தியே" என்றார். நான் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பப் பழகிக்கொண்டேன்.

ஆனால் நான் விடுப்பில் இருந்தும் அந்தப் பஸ் தாமதமான நாட்கள் இரண்டு உண்டு. அந்த நாட்களில் யாருக்காக நின்றது என்று டிரைவருக்கும் நினைவில்லை. சாப்பாட்டு வேளையில் சில சமயம் அந்த இரண்டு நாட்களின் பதிவு வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.