அண்ணாந்து பார்க்கும் டிரில் மாஸ்டர்

மோதி பாக் குடியிருப்புப் பூங்காவில் தினமும் காலையில் டிரில் மாஸ்டர் உடற்பயிற்சி சொல்லித்தருவார். கழுத்தில் விசில், தலையில் குரங்குக் குல்லா. வேலைக்காக தில்லி வந்து சித்தி வீட்டில் தங்கியிருந்த நான் இரண்டே நாளில் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன். நாங்கள் எதிரே நிற்போம். அவரோ மாடியை அண்ணாந்து பார்த்தபடியே, "கை மேலே, ஜல்தி" என்பார்.

"சார், நாங்க கீழதான் இருக்கோம்," என்றேன்.

"தெரியும் தம்பி. ஊரடங்குல பசங்க வீட்டுக்குள்ளயே கிடந்து குண்டாயிட்டாங்க. இங்க நின்னு விசில் அடிப்பேன், பால்கனியில நின்னு செய்வாங்க. பெரியவங்களும் சேர்ந்துக்கிட்டாங்க. அப்புறம் எல்லாரும் இறங்கியாச்சு. மூணாவது மாடி அம்மா மட்டும் வரல. வீட்டுக்காரர் கொரோனாவுல போயிட்டார். கீழ வந்தா எல்லாரும் துக்கம் விசாரிப்பாங்கன்னு பயம்."

மூன்றாவது மாடியில் ஒரு பச்சை ஸ்வெட்டர் கைகளை உயர்த்திக்கொண்டிருந்தது.

குளிர் குறைந்த ஒரு காலையில் அந்த ஸ்வெட்டர் கடைசி வரிசையில் வந்து நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாஸ்டர் எங்களை முன்பே எச்சரித்து வைத்திருந்தார். அவரும் எதுவும் விசாரிக்கவில்லை.

"பச்சை ஸ்வெட்டர், முட்டி மடங்குது" என்று மட்டும் அதட்டினார். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

மறுநாளும் மாஸ்டர் அண்ணாந்துதான் பார்த்தார்.

"இன்னும் யாரு சார் பாக்கி?"

"யாருமில்ல தம்பி. கழுத்து பழகிடுச்சு."

நான் நம்பவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நானும் அண்ணாந்து, ஒவ்வொரு பால்கனியாகப் பார்த்தேன்.