புஷ்பராணி அக்கா கார் பார்க்கிறார்

சாரதி இருக்கையில் ஏறியதும் புஷ்பராணி அக்கா முதலில் சப்பாத்தைக் கழற்றுகிறார். பிறகு காலுறைகளையும் கழற்றுகிறார். வெளியே மைனஸ் ஆறு பாகை. வெறுங்கால்களைக் காரின் தரையில் வைத்துக்கொண்டு, நெஞ்சில் குத்தியிருக்கும் தாதிக் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்து, "இப்ப சூட்டைப் போடுங்கோ" என்கிறார். பக்கத்தில் இருக்கும் விற்பனையாளர் கொவால்ஸ்கிக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் இது அவருக்கு இரண்டாவது சனிக்கிழமை என்பதால் சரியான பொத்தானை அழுத்திவிடுகிறார். அதன் பிறகு யாரும் பேசக்கூடாது. கால் பெருவிரலுக்குச் சூடு வந்து சேர எத்தனை நிமிடம், அதற்குள் மின்சாரக் காரின் பற்றறியில் எத்தனை வீதம் இறங்கியது என்று இரண்டையும் கொப்பியில் எழுதிக்கொண்ட பிறகுதான் காலுறைகள் திரும்ப ஏறுகின்றன.

"கால் விறைச்சா பிறேக் எங்க, கால் எங்க எண்டு தெரியாது தம்பி. இவங்கள் கதிரைக்குச் சூடு வைச்சிருக்கிறாங்கள். நான் குந்துற இடத்தாலயே பிறேக் பிடிக்கிறது?"

தம்பி என்பது நான். அவருடைய வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். பத்திரிகைகளுக்கு எழுதுவதும் உண்டு, ஆனால் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு திரிவது அதற்காக அல்ல. என் எடை எண்பத்தாறு கிலோ. வேலைக்குப் போகும்போது வழியில் அக்கா ஏற்றிக்கொள்ளும் இரண்டு தாதியரில் ஒருவருக்குப் பதிலாக நான் பின் இருக்கையில் வைக்கப்பட்டிருக்கிறேன். மற்றவருக்குப் பதிலாக அக்காவின் கணவர் சிற்றம்பலம் அண்ணை. "வெறுங்காரை ஓடிப் பாத்து என்ன பிரயோசனம்? நான் வெறுங்காரிலயா வேலைக்குப் போறன்?" என்பது அக்காவின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனாலும் சனிக்கிழமை காலையில் ஒரு மூட்டையாகப் பயன்படுவது மனிதனுக்கு அவ்வளவு கௌரவமான காரியமல்ல.

ஜெர்மனியின் ஹம் நகரிலிருந்து எண்பத்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, சவர்லாந்து மலையில் இருக்கும் ஒரு சிகிச்சை நிலையத்தில் அக்காவுக்கு வேலை. இடுப்பும் முழங்காலும் மாற்றிக்கொண்டவர்கள் அங்கே திரும்ப நடக்கப் பழகுகிறார்கள். காலை ஆறு மணிக்கு வேலை மாறும். அந்த நேரத்துக்கு மலைக்கு ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அங்கே கார் சார்ஜ் செய்ய ஒரே ஒரு கம்பம் இருக்கிறது, அதில் தலைமை வைத்தியரின் பெயர் எழுதியிருக்கிறது. ஆகவே வீட்டு முனையில் ஏற்றிய மின்சாரத்தோடு போய், அதே மின்சாரத்தோடு வீடு திரும்ப வேண்டும். நூற்று அறுபத்தெட்டு கிலோமீட்டர், பனிக்குள், ஏற்றத்தில், மூன்று பேருடன். காரிடம் அக்கா கேட்பது இவ்வளவுதான்.

கார்களுக்கு அவர் வைத்திருப்பது அறை இலக்கங்கள். பார்த்த வரிசையில் ஒன்றாம் அறை, இரண்டாம் அறை என்று போகும். "அஞ்சாம் அறைக்கு மூச்சு வாங்குது" என்றால் ஐந்தாவதாகப் பார்த்த கார் ஏற்றத்தில் திணறியது என்று அர்த்தம். பற்றறியின் ஆரோக்கியத்தைச் சொல்லும் கடதாசிக்கு அவர் வைத்த பெயர் இரத்தப் பரிசோதனை. அது இல்லாமல் கதவைத் தொடவே மாட்டார். பக்கத்து ஊரில் ஒரு மனிதர் கடதாசியைத் தேடித் தருவதாகச் சொல்லிக்கொண்டே காரின் மினுக்கத்தைக் காட்டினார். அக்கா சிரித்தபடி தலையாட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "செத்தவருக்குப் பவுடர் போட்டிருக்கிறார். வாங்கோ போவம்."

ஹம்மில் தமிழ்க் குடும்பம் ஒன்று கார் வாங்கப் போகிறது என்ற செய்தி எப்படிப் பரவுகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் பரவிய மறுநாளே நிபுணர்கள் வந்துவிடுகிறார்கள். வாழ்க்கையில் ஒருமுறை ஆட்டோபான் நெடுஞ்சாலை ஓரத்தில் ரயர் மாற்றியவர் யாரும் இங்கே நிபுணர்தான். அவர்களில் மூத்தவர் அலோசியஸ் அண்ணை. தமிழ்க் கடையில் மரவள்ளிக்கிழங்கு தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த அக்காவை மறித்து அவர் சொன்னார்: "பிள்ளை, உந்த எலெக்ரிக் வேண்டாம். பனிக்குள்ள நிண்டுதெண்டா செத்துப்போகும்."

"ஓம் ஓம்" என்றார் அக்கா. அவர் இரண்டு தரம் ஓம் சொன்னால் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். "போன மாசம் உங்கட டீசல் பனிக்குள்ளயோ செத்தது அண்ணை? நல்ல வெயில் எல்லோ எறிச்சது?"

அலோசியஸ் அண்ணை மரவள்ளிக்கிழங்கை விட்டுவிட்டு வெண்டிக்காய்ப் பக்கம் நகர்ந்தார்.

கொவால்ஸ்கியை அக்கா பிடித்த விதமும் அப்படித்தான். முதல் நாள் அந்த மனிதர் உற்சாகமாக, இந்தக் கார் ஒருமுறை சார்ஜ் செய்தால் நானூற்றிருபது கிலோமீட்டர் ஓடும் என்றார். "எந்த மாதத்தில்?" என்று கேட்டார் அக்கா, சுத்தமான ஜெர்மனில். கொவால்ஸ்கி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "நான் கேட்பது ஜனவரிக் கணக்கு. யூலைக் கணக்கை யூலையில் வாங்குகிறவர்களுக்குச் சொல்லுங்கள்." அதிலிருந்து கொவால்ஸ்கி எண்கள் சொல்வதை நிறுத்திவிட்டு, படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காரை ஒரு நாளைக்குக் கொடுத்துவிடுகிறார்.

இவ்வளவு கறாருக்கும் காரணம் இருக்கிறது. பதினொரு வருடம் அந்த நிலையத்தில் வேலை செய்த அக்காவைப் பெப்ரவரி முதலாம் தேதி முதல் ஒரு பிரிவுக்குத் தலைமைத் தாதியாகப் போட்டிருக்கிறார்கள். ஆறு மாதம் பரீட்சைக் காலம். நேர்முகத்தில் நிர்வாகி முதலில் கேட்டது படிப்பையோ அனுபவத்தையோ அல்ல: "ஹம்மிலிருந்து குளிர்காலத்திலும் ஆறு மணிக்கு வந்துவிடுவீர்களா?" வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அவருடைய பழைய டீசலோ ஜனவரியோடு தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும், அது தேறாது என்று கராஜ்காரர் கையை விரித்துவிட்டார். ஒரு நாள் காலையில் பனிக்குள் மாட்டிக்கொண்டால் மூன்று தாதியர் இல்லாமல் பிரிவு திறக்கும், தலைமைப் பதவி வேறொருவருக்குப் போகும். வாய் கிழியப் பகிடி விடுகிற அக்கா இதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிப்போகும்.

கொவால்ஸ்கியின் கடையில் நின்ற ஒன்பதாம் அறை தேறியது. பெரிய பற்றறி, குறைந்த மின்சாரத்தில் சூடாக்கும் வெப்பப் பம்பி, மலைக்குப் போய் வந்தும் இருபத்து நான்கு வீதம் மிச்சம். ஆனால் நிறம் ஈரச் சீமெந்து மாதிரி. முந்திய சொந்தக்காரரிடம் இரண்டு பெரிய நாய்கள் இருந்திருக்கின்றன, அவை இன்னும் உள்ளே இருப்பது போல ஒரு மணம். கதவில் நீளமாக ஒரு கீறல். சிற்றம்பலம் அண்ணை கோயில் நிர்வாகத்தில் பொருளாளர், நாலு பேர் பார்க்கிற மனிதர். "உதில போய் இறங்கினா சவம் கொண்டந்தனியோ எண்டு கேப்பாங்கள்" என்றார். அவருடைய மனம் அதே கடையில் நின்ற பதினோராம் அறையில் இருந்தது. கடல் நீலம். கூரை முழுக்கக் கண்ணாடி. "இதையும் ஒருக்கா ஓடிப் பாரும், அதுக்குப் பிறகு உம்மட விருப்பம்" என்று மனைவியைக் கெஞ்சிச் சம்மதம் வாங்கினார்.

வெள்ளிக்கிழமை அக்காவுக்குப் பின்னேர வேலை, வீடு திரும்ப நடுச்சாமமாகும். "நீர் காலமை கொஞ்சம் நித்திரை கொள்ளும், நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்" என்றார் அண்ணை. சனிக்கிழமை எட்டு மணிக்குப் போனவர் ஒன்பதுக்கு வந்திருக்க வேண்டும். வந்தது பத்தேகாலுக்கு.

நீலக் கார் வாசலில் வந்து நின்றபோது நான் படியில் நின்றேன். அதன் மூக்கில் செவ்வந்தி மாலை. பொனற்றில் மூன்று குறி விபூதி, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். முன் ரயரில் நசிந்த எலுமிச்சம்பழத்தின் விதைகள் ஒட்டியிருந்தன. ஒரு நாள் ஓடிப் பார்க்க இரவல் வாங்கிய காருக்கு வாகனப் பூசை செய்வித்துக் கொண்டுவந்திருந்தார் மனுசன்.

"போற வழிதானே எண்டு கோயிலுக்குள்ள விட்டனான்," என்றார் அண்ணை. "ஐயரும் சும்மா நிண்டவர். ஒரு தேங்காயும் உடைச்சது. சனத்துக்கு உள்ளுக்குச் சூடு போட்டுக் காட்டினனான். இரண்டு பெரியாக்களை ஒரு சுத்துக் கொண்டு போனனான்."

அக்கா கதவைத் திறந்து திரையைப் பார்த்தார். பற்றறி எண்பத்தெட்டு வீதம். கொப்பியில் 'புறப்பாடு 88, காரணம்: பக்தி' என்று எழுதினார். மாலையைக் கழற்றி என் கையில் போட்டார். அதற்குள் அலோசியஸ் அண்ணை எடுத்த படம் வாட்ஸ்அப் குழுவில் ஏறி, 'சிற்றம்பலம் குடும்பத்தினரின் புதிய வாகனத்துக்கு வாழ்த்துகள்' என்று முப்பது பேர் கை கூப்பியிருந்தார்கள். ஊரைப் பொறுத்தவரை கார் வாங்கியாகிவிட்டது. அக்காவைப் பொறுத்தவரை பதினோராம் அறைக்கு இனிமேல்தான் பரிசோதனை.

மலை ஏற ஏற எண் இறங்கிக்கொண்டே வந்தது. நிலையத்தின் வாசலில் முப்பத்தேழு. அண்ணை கண்ணாடியைத் துடைப்பதுபோல மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா விரலில் கணக்குப் பார்த்துவிட்டுச் சூட்டை நிறுத்தினார். திரும்பும் வழியில் கண்ணாடிக் கூரை வழியே பனி விழுவது மிக அழகாகத் தெரிந்தது, மூன்று பேரும் பல் கிட்டியபடி அதை ரசித்தோம். அப்படியும் வீடு வரை போதவில்லை. ஆட்டோபான் ஓரத்துச் சார்ஜிங் நிலையம் ஒன்றில் நாற்பது நிமிடம் நிற்க வேண்டியதாயிற்று.

"நூறில வெளிக்கிட்டிருந்தாலும் மூண்டோ நாலோதான் மிஞ்சியிருக்கும்," என்றார் அக்கா. "ஒரு விபத்துக்கு ரோட்டைப் பூட்டினா அவ்வளவுதான்."

"பூசை செய்த காரைத் திருப்பிக் குடுத்தா சனம் என்ன சொல்லும் ராணி?"

"பூசை செய்தது நீங்கள். ஆறு மணிக்கு அங்க நிக்கவேண்டியது நான்."

அண்ணை முன்னால் நின்ற லொறியைப் பார்த்தபடி சொன்னார்: "காருக்கெண்டு மட்டும் இல்லை. நீர் அங்க தலைமையா வந்திட்டீர். வீட்டில ஆர் அதைக் கொண்டாடினது? ஒரு கேக்கும் வெட்டேல்லை. உம்மட பேருக்கும் நட்சத்திரத்துக்கும்தான் அர்ச்சனை செய்தனான். காரை அதுக்குச் சாட்டாத்தான் கொண்டு போனனான்."

காலையிலிருந்து அந்த மனுசனை மனதுக்குள் எவ்வளவு நக்கலடித்தேன் என்று நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு சூட்டைப் போட்டு, காற்று வரும் துவாரத்தை அண்ணையின் பக்கம் திருப்பிவிட்டார்.

கடை மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். கொவால்ஸ்கி காரைச் சுற்றி வந்து பொனற்றின் முன் நின்றுவிட்டார். இது என்ன, ஏதும் பறவையின் வேலையா என்று கவலையோடு கேட்டார். அண்ணையின் முகம் செத்துப்போயிற்று.

"இது எங்கள் ஆட்களின் உத்தரவாதம்," என்றார் அக்கா ஜெர்மனில். "உங்களுடையதைவிட நீண்ட காலம் செல்லும். ஆனால் இந்தக் கார் எனக்கு வேண்டாம்."

பிறகு கையுறையைக் கழற்றினார். குளிரில் இறுகிப்போயிருந்த சந்தனத்தின் மேல் குனிந்து, வாய்ச் சூட்டால் இரண்டு மூன்று தரம் ஊதினார். அது இளகியதும் குங்குமம் சிந்தாமல் பெருவிரலால் வழித்தெடுத்தார். அந்த விரலை மற்றக் கையால் காற்றுக்கு மறைத்துக்கொண்டு, பனிக்குள் நான்கு கார்கள் தாண்டி நடந்தார். ஈரச் சீமெந்து நிற ஒன்பதாம் அறையின் முன் நின்றார். பொனற்றிலிருந்த பனியைப் புறங்கையால் தள்ளிவிட்டு, நடுவில் விரலை அழுத்திப் பொட்டு வைத்தார். பிறகு ஓரமாக விலகி நின்று கணவரைக் கூப்பிட்டார்.

"இஞ்சருங்கோ, ஒருக்கா வந்து பாருங்கோ. நேரா இருக்கோ?"