ரேடியேட்டரில் மஞ்சள் தூள்

போன வாரம் திண்டிவனம் புறவழிச்சாலையில் ஒரு கார் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது. பொங்கிய ஆவியின் வாசனை எங்கள் பஸ் ஜன்னல் வரை வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கோ முகம் சுட்டது. எவனோ ஒருத்தன் கார் கொதித்தால் உனக்கென்னய்யா வெட்கம் என்று கேட்பீர்கள். இருக்கிறது, சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் விழுப்புரத்தில் ஒரு தனியார் பஸ் ஷெட்டில் மெக்கானிக். ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டுக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவைத்திருந்த ஜன்மம். கெடாரில் விவசாயம் பார்த்த என் அக்கா புருஷன் குமரேசன் மாமாவுக்கு அப்போது ஒரு பைத்தியம் பிடித்தது. சொந்தமாக ரேஸ் கார் கட்டவேண்டுமாம். ஒரு வருஷத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை விளைச்சல், அதற்கே போனது. பழைய டாக்சி ஒன்றின் இன்ஜின், மோட்டார் கொட்டகை ஓரம் தட்டித் தட்டி வளைத்த தகரம், இரண்டே சீட்டு, சிவப்புப் பெயிண்ட். அக்கா அதற்கு வைத்த பேர் சக்களத்தி.

காரின் மூக்கு தாழ்வாக இருந்ததால் சாதாரண ரேடியேட்டர் உள்ளே போகவில்லை. திண்டிவனத்தில் ரேடியேட்டர் பற்றவைக்கும் ஆரோக்கியசாமி, டிராக்டருடையதை வெட்டிக் குட்டையாக்கித் தந்தார். நல்ல வேலை. மூலையில் மட்டும் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. அவரிடம் கொண்டுபோயிருந்தால் கால்மணி நேரத்தில் அடைத்திருப்பார். ஐ.டி.ஐ. படித்தவன் அதற்கெல்லாம் போவானா? வழியில் ஒழுகினால் லாரிக்காரர்கள் கொஞ்சம் மஞ்சள் தூள் போட்டுச் சமாளிப்பார்கள். நான் அக்காவின் அடுப்படியிலிருந்து டப்பாவோடு எடுத்துவந்து, யாருக்கும் தெரியாமல் பாதிக்குமேல் கொட்டினேன். சொட்டு நின்றது. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அதிலிருந்து விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் வண்டி கொதித்துவிடும். ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திறந்தபோது மாமா மோந்து பார்த்து, "இன்னா மச்சான், சாம்பார் வாசன வருது?" என்றார். பெல்ட் கருகுது மாமா என்றேன், வாய் கூசாமல். பெல்ட்டை மாற்றினேன். டைமிங் பார்த்தேன். ஹெட்டைக் கழற்றி கேஸ்கெட் போட்டேன். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்தேன். காரணம் என்னவென்று எனக்குச் சந்தேகம் இருந்தது. சந்தேகம் என்ன சந்தேகம், தெரியும். ஆனாலும், ஆரோக்கியசாமி ஈயத்தை ஊற்றிக் குழாயை அடைத்துவிட்டார் என்று மாமாவிடம் சொன்னேன்.

அதோடு விட்டேனா? எங்கள் பஸ்களின் ரேடியேட்டர் வேலை மொத்தத்தையும் ஆரோக்கியசாமிக்குத் தரலாமா என்று மேனேஜர் என்னைக் கேட்டிருந்த நேரம் அது. அவரிடமும் அதையே சொன்னேன். வேலை வேறு ஆளுக்குப் போனது. மூன்று பெண்பிள்ளைகளை வைத்திருந்த மனுஷன், அந்த வேலையை நம்பிப் பெரிய கடையாகப் பிடித்திருந்தார். அதுவும் எனக்குத் தெரியும்.

மாமா சொல்லியனுப்பி, ஆரோக்கியசாமி பஸ் ஏறி கெடாருக்கே வந்தார். ஈயத்தை உருக்கி மேல்பக்கத்தைக் கழற்றினார். குழாய்க்குக் குழாய் மஞ்சள் சேறு. இன்னாய்யா இது என்று மாமா குனிந்தார். ஆரோக்கியசாமி என்னை ஒரு தரம் பார்த்தார்.

"கெணத்துத் தண்ணிங்க. உப்புக் கறை அடைச்சிக்கினு கீது."

மாமா டீ போடச் சொல்ல உள்ளே போனார். ஆரோக்கியசாமி குரலைத் தாழ்த்தினார்.

"ஒழுகனா நானும் மஞ்சள் போடுவேன் சார். ஒரு சிட்டிகை. நீங்க கொழம்பே வச்சிட்டீங்க."

சிரிக்காமல்தான் சொன்னார். பஸ் வேலை போனதும் இதனால்தானா என்று கேட்டார். நான் தலையைத் தொங்கப்போட்டேன்.

"மாமா எதிர்ல உங்கள விட்டுக்குடுக்கல. மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க, அது போதும்."

சொல்கிறேன் என்றேன். மறுநாள் மேனேஜர் அறை வாசல் வரை போனேன். சர்டிபிகேட்காரன் லட்சணத்தைப் பார் என்று ஷெட்டே சிரிக்குமே என்று திரும்பிவந்தேன். அடுத்த வாரமும் அதே கதை. பிறகு போகவே இல்லை.

வண்டி அப்புறம் கொதிக்கவில்லை. கல்யாண வீடுகளில் மாமா என் தோளில் கைபோட்டு, ரேடியேட்டர்தான் கோளாறு என்று கண்டுபிடித்ததே எங்க மச்சான்தான் என்பார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். தூ, அதுவும் ஒரு பிழைப்பு.

அந்தக் கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆரோக்கியசாமி அந்த வருஷமே கடையைக் காலி செய்துவிட்டார். பெங்களூர் என்றார்கள், பொம்மையார்பாளையம் என்றார்கள். நான் தேடிப் போகவில்லை. பஸ் கம்பெனியை மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது, மேனேஜரும் இல்லை. அந்த ஒரு வார்த்தையை இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?