பாதி ஸ்டியரிங்

மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்குத் திரும்பும் இடத்தில், நேற்றுக் காலை, நான் ஓட்டிய கார் ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. கார்மேல் தப்பில்லை. ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பியதும் போதும் என்று என் கைகள் நின்றுவிட்டன. எதிர்ச்சுவர் மூக்குக்கு நேராக வந்தபோதுதான், இது தங்கச்சி செல்வியின் பெட்ரோல் கார், இதற்கு ஒன்றரைச் சுற்று வேண்டும் என்பது உறைத்தது.

பர்மிங்காமில் நான் ஏர்போர்ட் வாடகைக் கார் ஓட்டுகிறேன். போன வருஷம் கம்பெனி வாங்கிய எலெக்ட்ரிக் கார்களில் ஸ்டியரிங் வட்டமாக இருக்காது. மேல்பாதியை வெட்டி எடுத்துவிட்ட மாதிரி, விமானத்தில் பைலட் பிடிப்பதுபோல, இரண்டு பக்கமும் பிடி மட்டும் இருக்கும். கொஞ்சம் திருப்பினாலே சக்கரம் முழுக்க ஒடிந்து திரும்பிவிடும். இண்டிகேட்டருக்குக் குச்சி கிடையாது, கட்டைவிரலுக்கடியில் பட்டன். நானோ அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஒன்பது வருஷம் ஆள் ஏற்றி வேன் ஓட்டியவன். கை மாற்றிக் கை மாற்றிச் சுற்றுவது உடம்பில் ஊறிப்போனது. முதல் வாரமே ஒரு ரவுண்டபவுட்டில் மேல்வளைவைப் பிடிக்கப் போன கைக்கு வெறும் காற்றுதான் அகப்பட்டது. முன்சக்கரம் ஓரக்கல்லில் மோதி டயர் கிழிந்தது.

பின்சீட்டில் சவாரி வந்த பெரியவர், "எங்கே ஓட்டக் கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டார். "ஆவடி" என்றேன். அவர் காதில் அது ஒரு ஜெர்மன் கார் கம்பெனியின் பெயராக விழுந்தது. "அவர்களே சொல்லிக் கொடுத்துமா இப்படி?" என்றார். நான் திருத்தவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. மேனேஜர் நீட்டிய விபத்துத் தாளில், காரணம் என்ற இடத்தில், 'ஓட்டுநருக்கு இந்தியச் சாலைப் பழக்கம்' என்று எழுதியிருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் கூட ஓட்டும் உள்ளூர்க்காரன் ஸ்டீவ் அதே மாதிரிக் காரைக் கேட் தூணில் இடித்திருந்தான். அன்று எல்லோரும் சேர்ந்து ஸ்டியரிங்கைத் திட்டினார்கள், மேனேஜர் உட்பட. ஸ்டீவ் இடித்தால் ஸ்டியரிங் தப்பு. நான் இடித்தால் என் நாடு தப்பு.

"இதை அடித்துவிட்டு 'புது ஸ்டியரிங்' என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்" என்றேன்.

"மனசில் வைத்துக்கொள்ளாதே. வெறும் பேப்பர்தானே" என்று சிரித்தார்.

"வெறும் பேப்பர் என்றால் மாற்றுவதில் என்ன கஷ்டம்?"

அவர் மாற்றவில்லை, நான் கையெழுத்தும் போடவில்லை. மூன்று வாரம் கார் கழுவ வைத்தார்கள். கழுவிய கார்களை யார்டுக்குள் நகர்த்தி நிறுத்துவதும் என் வேலை. அந்தச் சின்ன இடத்திலேயே, லைசென்சுக்கு எட்டுப் போட்ட நாள்போல, பல்லைக் கடித்துக்கொண்டு பழகினேன். இன்று அந்தக் காரை என்னைவிடச் சீராக ஓட்ட அங்கே ஆளில்லை. தாளை மட்டும் யாரும் திருத்தவில்லை.

அந்த ஆத்திரம் ஆறாமல்தான் லீவுக்கு வந்திருக்கிறேன். இங்கே நான் வெறும் ஒரு ஆள், எந்த நாட்டுக்கும் ஜாமீன் இல்லை என்ற நினைப்பு.

நேற்று பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். "அண்ணாத்தே, இன்னா நடு ரோட்ல நிப்பாட்டிகினு கீற? ஃபுல்லா ஒடி!"

பக்கத்து சீட்டிலிருந்த செல்வி ஜன்னல் வழியாகச் சிரித்தாள். "கோச்சிக்காதீங்கண்ணா. ஃபாரின்லர்ந்து வந்துகீறாரு. நம்ம ஊரு வண்டி அவருக்குப் பழக்கமில்ல."

அவள் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். எனக்கு அந்தத் தாளை மறுபடி நீட்டியதுபோல இருந்தது. வண்டியை அணைத்துவிட்டு இறங்கினேன்.

"நான் எந்த ஊருடி? இதே தெருவுல பொறந்தவன். வண்டி புதுசு, கை தப்பிடுச்சு. அத்த சொல்ல வாய் வர்ல உனக்கு?"

செல்வியின் முகம் சுண்டிவிட்டது. ஆட்டோக்காரர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"டென்ஷன் ஆவாதீங்க சார். மெதுவா எடுங்க, நான் வெய்ட் பண்றேன்."

சார். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நான் அவருக்கு அண்ணாத்தே.

பத்து வீடு தள்ளி எங்கள் வீடு தெரிந்தது. எதிர்ப்பக்கமும் வண்டிகள் வந்து சேர்ந்துவிட்டன. திறந்த கார்க் கதவைப் பிடித்தபடி நடு ரோட்டில் நின்றேன். நகரு நகரு என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஹாரன் அடித்தார்கள்.