முன்னால் நட என்றார் சின்யோரா

நான் வேலை செய்யும் வீட்டு எஜமானி, சின்யோரா, எனக்கு ஒரு சோடி மலைச் சப்பாத்தும் சிவப்பு ஜக்கெட்டும் வாங்கித் தந்த அன்றே, என் வேலை போகப்போகிறது என்று முடிவு செய்துவிட்டேன். பலெர்மோவில் வீட்டு வேலை செய்யும் எங்கள் பெண்களுக்கு இது பழகிய விஷயம். நாங்கள் குடியிருக்கும் சீசா என்ற பகுதியில் எங்களுக்கு மேல்மாடியில் இருக்கும் மன்னார் அக்கா சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல விலையான சாமான். கவனமா இரு பிள்ளை. எனக்கும் முந்தி ஒரு சின்யோரா கோட் வாங்கித் தந்தவ. அடுத்த மாசமே வேலை இல்லையெண்டிட்டா."

என் கணவர் சிரித்தார். "குளிருக்குப் போடத் தந்திருக்கிறா. உனக்கு ஆர் எதைத் தந்தாலும் சந்தேகம்."

ஓம், சந்தேகம்தான். இந்த ஊரில் எல்லாவற்றையும் நம்பிக்கொண்டிருந்தவர்கள் சம்பளம் இல்லாமல் தெருவில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

சின்யோரா பலெர்மோவின் கால்சா பகுதியில் ஒரு பழைய மாளிகையின் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறார். கணவர் இல்லை. ஒரே மகன் வடக்கே மிலானில். அவருடைய கணவரின் பூர்வீக ஊர் ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அங்கே மரத்தால் கட்டிய சின்ன வீடு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் சில வாரங்கள் அங்கே போய் மலையில் நடந்துவிட்டு வருவார். எப்போதும் தனியாகப் போகிறவர், அந்த வருடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஏன் என்று கேட்டேன். "காற்று நல்லது" என்றார். பத்து வருடமாக அவரிடம் வேலை செய்கிறேன்; இவ்வளவு காலமும் எனக்கு நல்லதில்லாத காற்று இப்போது எப்படி நல்லதானது?

முதலில் போனது மாரிக் குளிர் காலத்தில். முழங்கால் வரை பனி. புதையாமல் நடக்கச் சப்பாத்தின் கீழே அகலமான தட்டுகளைக் கட்டிக்கொண்டோம். நான் தாரா வாத்து மாதிரி நடந்தேன். சின்யோரா என்னைப் பார்த்து, "நீ முன்னால் நட" என்றார். வேலைக்காரியை எந்த எஜமானி முன்னால் விடுவார்? உறைந்த குளத்தின் ஓரம் வந்தபோது விளங்கிவிட்டது என்று நினைத்தேன். ஐஸ் உடைந்தால் முதலில் நான்தானே போவேன்! அன்று முழுக்க மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

வசந்தத்தில் போனோம். பனி உருகி வழியெல்லாம் சேறு. கோடையில் மாடுகள் மேயும் உச்சிப் புல்வெளி வரை ஏறினோம். வேர்த்து ஊற்றியது, ஆனாலும் ஜக்கெட்டைக் கழற்ற விடவில்லை. "மலையில் திடீரென்று குளிரும்" என்றார். அவர் மட்டும் மெல்லிய சட்டையோடு வந்தார். நான் எவ்வளவு தாங்குகிறேன் என்று சோதிக்கிறார், தாங்காவிட்டால் அதையே காரணமாகச் சொல்லி அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். பலெர்மோ வீட்டிலும் அப்படித்தான். மேசையில் இருந்த குவளையை ஒரு விரல் தள்ளி வைத்தாலும் கேள்வி. நான் எதைத் தொடுகிறேன் என்று அடையாளம் வைத்துப் பார்க்கிறார் என்று எனக்குள் எரிந்தது.

எரிச்சலோடு பயமும் இருந்தது. அடுத்த வசந்தத்தில் என் பெர்மெஸோவை, இந்த நாட்டில் தங்கும் அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். அதற்குச் சின்யோரா வீட்டு வேலை ஒப்பந்தம் வேண்டும். மகனோ ஒவ்வொரு மாலையும் என் போனுக்கு எடுத்து அம்மாவைப் பற்றி விசாரிப்பார். அவருக்குக் கண்ணோ காலோ இயலாமல் போனால் இரண்டு வீட்டையும் பூட்டிவிட்டு மிலானில் முதியோர் இல்லத்தில் விடப்போவதாக என்னிடமே சொல்லியிருக்கிறார்.

இலையுதிர் காலத்தில் காளான் பொறுக்கப் போனோம். முதல்நாள் பெய்த மழையில் ஓடை பெருகி இரைந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஒரு பலகைப் பாலம், ஓராள் மட்டும் போகலாம். வாசலோ படியோ ஒடுங்கிய வழியோ, பெரியவர்களை முதலில் விட்டுத்தான் நாங்கள் போவோம். சிறு வயதில் ஊறிய பழக்கம். வருடம் முழுக்க முன்னால் நடந்தும் அது போகவில்லை. பாலம் தொடங்கும் இடத்தில் என்னை அறியாமலே விலகி, ஓடையின் விளிம்பில் ஒதுங்கி நின்றேன்.

சின்யோரா பாலத்துக்குப் போகவில்லை. நேரே என்னை நோக்கி வந்தார். பக்கத்தில் வந்தும் நிற்கவில்லை. என்னை உரசிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் காலைத் தூக்கி வைத்தார். அந்தக் காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். காளான் எல்லாம் ஓடையோடு போனது.

"உங்களுக்குக் கண் தெரியவில்லையா?" என்று கத்தினேன். அவரிடம் நான் கத்தியது அதுதான் முதல் முறை.

முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நிறம் தெரியும். உன் சிவப்பு தெரியும். அதைப் பார்த்துத்தான் நடக்கிறேன்."

"ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

"நீ கண்டுபிடித்துவிட்டாய், என் மகனிடம் சொல்லக் காத்திருக்கிறாய் என்று நினைத்தேன். உன் வாயை மூடத்தான் சப்பாத்தும் வாங்கித் தந்தேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகிற மாதிரிக் கோபமும் வந்தது. ஒரு வருடம் முழுக்க, முன்னால் போனவள் பின்னால் வந்தவரைச் சந்தேகித்தாள். பின்னால் வந்தவர் முன்னால் போனவளைச் சந்தேகித்தார். மகனிடம் சொல்லாதே என்று அவர் கேட்கவில்லை. கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

மாலை மகன் போன் எடுத்தார். எங்களைச் சேறும் சகதியுமாகக் கண்ட யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"அம்மா விழுந்தாரா? கண் எல்லாம் சரிதானே?"

சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். சின்யோராவுக்கு மலை இருக்கும், எனக்குப் பெர்மெஸோ இருக்கும். ஆனால் நாளைக்கு நான் ஒரு கணம் திரும்பிப் பார்க்காத இடத்தில் அவர் மறுபடி காலை வைத்தால்? அவருக்காகப் பொய் சொல்லப்போகிறேனா, எனக்காகவா என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சின்யோரா எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு வந்து கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

"எனக்குக் கண் தெரியவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாகிறது" என்றார்.

மகன் சத்தம் போட்டது எனக்கும் கேட்டது. "அவளுக்குத் தெரிந்திருக்கும்! வேலை போய்விடும் என்று மறைத்திருக்கிறாள்!"

"இல்லை. அவளுக்கு இன்றுதான் தெரியும். உன்னிடம் மறைத்த மாதிரி அவளிடமும் மறைத்தேன். என்னை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விடு. அவளைச் சந்தேகப்படாதே."

அடுப்படிக்குப் போய் அழுதேன். அந்த வீட்டில் இருக்கிறதா இல்லையா என்பதே அவர் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், அவர் காப்பாற்றியது என் பெயரை.

நத்தாருக்கு, கிறிஸ்துமஸ் விடுமுறையில், மகன் மலை வீட்டுக்கு வந்தார். எங்களுக்குப் பின்னால் ஒரு நாள் முழுக்கப் பனியில் நடந்து பார்த்தார். நான் கூட இருக்கும்வரை அம்மா இரண்டு வீட்டிலும் இருக்கலாம் என்றார். அவர் பேச்சை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. சின்யோராவை நம்புகிறேன்.