உவைஸின் வயலில் ஒரு மாட்டுவழி

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ஆறு மணிக்குச் சற்றுப் பிந்திப் புறப்பட்ட ரயில், மன்னம்பிட்டிப் பாலத்தைக் கடக்கும்போது நண்பகல் தாண்டியிருந்தது. மகாவலியின் இரு மருங்கிலும் வில்லு எனப்படும் புல்வெளிகள். ஆறு பெருகினால் நீராகவும் வற்றினால் புல்லாகவும் கிடக்கும் நிலம். பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் புவியியல் கற்பித்தவள் நான். வயலுக்கு இளம்பச்சை, காட்டுக்குக் கரும்பச்சை தீட்டுங்கள் என்று மாணவிகளிடம் சொல்வேன். புல்வெளியை வெறுமையாக விடச் சொல்வேன்.

அருகில் ஜெசீமா. ஒரே பள்ளிக்கூடத்தில் என்னோடு பணியாற்றியவள். ஓய்வுபெற்ற பின்னர் தன் ஊரான கல்முனைக்குடிக்கே திரும்பிவிட்டாள். இம்முறை என்னையும் அழைத்துப் போகிறாள்.

“எங்கட பக்கமும் ஒரு காலம் இப்பிடிப் புல்லாத்தான் கிடந்ததாம்,” என்றாள். “றெயில் வந்து நெல்லு ஏத்த வழி கிடைச்சிது. அதுக்கு மறுகா புல்லுக்கு ஆரு மதிப்புக் குடுத்த?”

“கல்முனைக்குத்தான் ரயில் வரவே இல்லையே?”

“வாப்பா கண்ண மூடி மௌத்தாகுமட்டும், ‘இந்தா வருது’ எண்டுதான் சொல்லுவார். அது இன்னும் மட்டக்களப்புலதான் நிக்குது. நெல்லு லொறியில போய் ஏறிச்சு.”

மூன்று மணிக்கு மட்டக்களப்பு. அங்கிருந்து கல்முனைக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். பஸ் கட்டணம் நூற்று எண்பது ரூபா. ஒரு புறம் வாவியும் மறு புறம் கடலும் மாறி மாறித் தோன்ற, பாண்டிருப்பைக் கடந்து மாலைத் தொழுகைக்கு முன்னரே கல்முனைக்குடி வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, ஜெசீமாவின் கணவர் உவைஸ் எங்களை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு தம் வயல் இருக்கும் சவளக்கடைக்குப் புறப்பட்டார். வழியில் கிட்டங்கித் தாம்போதி, நீரைக் கடக்கும் தாழ்வான பாலம். கடும் மழையில் வெள்ளம் வீதியின் மேலாகவே பாயுமாம். அன்று இரு பக்கமும் ஆற்றுவாழை ஊதாப் பூக்களோடு அமைதியாகக் கிடந்தது. அப்பால் கண்ணுக்கெட்டிய மட்டும் வயல்வெளி; இவ்வூரார் அதை வட்டை என்பர். புல்லையும் புதரையும் வெட்டி, கல்லோயாத் தண்ணீரை வாய்க்கால் வாய்க்காலாகப் பிரித்தெடுத்த கைகளை எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த உழைப்புக்குள் ஓர் ஏற்பாடும் இருந்தது. அறுவடை முடிந்ததும் மாடுகள் வயலின் தாளை மேயலாம். விதைப்புத் தொடங்கியதும் விவசாயிகள் கூடி ஒரு நாள் குறிப்பார்கள். இன்னும் விதைக்காத வயல்களில் மேய்பவையும் அதற்குள் காட்டோரத்து மேய்ச்சல்தரைக்குப் போய்விட வேண்டும். அன்றுதான் அந்தக் கடைசி நாள். மாடுகளின் பழைய வழி உவைஸின் வயலை ஊடறுத்துச் செல்கிறது. புல்வெளியாயிருந்த அந்நிலத்தை வயலாக்கிய அவருடைய தந்தை, நடுவே எட்டடி அகலத்தை மட்டும் உழாமல் விட்டார். மகனும் அவ்வாறே விட்டு வந்தார்.

வரம்பில் இறங்கிய உவைஸ் அப்படியே நின்றுவிட்டார். வயல் முழுவதும் ஒரே பச்சை. அவர் காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில், வெளியூர் டிரக்டர்காரர் வழியையும் சேர்த்து உழுதுவிட்டார். விதைத்தவர்களும் இடைவெளி இல்லாமல் எறிந்துவிட்டார்கள். இருபுறமும் அயலவர்களின் வயல்களிலும் பயிர் முளைத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து, அறுபது மாடுகளோடு பூமணி வந்து சேர்ந்தார். ஆண்டுதோறும் இவ்வழியே மாடு ஓட்டிப் போகும் பெண்; ஐம்பது வயது இருக்கும். பட்டி முழுவதும் அவருடையதே.

“என்ன காக்கா, வழியையும் வித்துப்போட்டீங்களா?” என்று உவைஸை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

“வித்திருந்தா நீ சும்மா விடுவியா, புள்ள? டிரக்டர்காரனுக்குச் சொல்ல மறந்துட்டன். பிழை என்னுலதான்.”

பூமணியின் சிரிப்பு நின்றது. “சுத்திப் போனா ரெண்டு நாள். கண்டுகள் தாங்காது. இஞ்ச நிண்டா நாளைக்கு வயல்காரனுகள் மாட்டைப் புடிச்சிக் கட்டித் தண்டம் கேப்பானுகள்.”

உவைஸ் கம்பிவேலியை அவிழ்த்துக் கீழே போட்டார். “உள்ளுக்கு விடு.”

“பச்சைப் பயிருலயா?”

“என்ட பயிர்தானே.”

ஆனால் முன்னே வந்த கிழட்டுச் சிவலைப் பசு, வேலியோரத்தில் நின்றது. தட்டினாலும் நகரவில்லை.

“பயிருல வாய் வைக்காத எண்டு நான்தான் அடிச்சிப் பழக்கின,” என்றார் பூமணி.

உவைஸ் சாரத்தை மடித்துக்கட்டி வயலில் இறங்கினார். தம் பயிரில் ஒரு கைப்பிடியைப் பிடுங்கிப் பசுவின் முகத்துக்கு நேரே நீட்டினார். “வாம்மா, வா.”

“முப்பத்தஞ்சு வருசமா எனக்கு ஒரு பூ நீட்டினதில்ல, பாருங்க டீச்சர்,” என்றாள் ஜெசீமா.

பசு மோந்து பார்த்தது. பிறகு தலையைத் திருப்பிப் பூமணியைப் பார்த்தது. பூமணி கையிலிருந்த கம்பை வரம்புக்கு அப்பால் எறிந்துவிட்டு, வெறுங்கையை விரித்துக் காட்டினார். சிவலை ஒரு காலை எடுத்து வைத்தது. உவைஸ் பின்பக்கமாகவே நடந்தார். பிடி முடிந்ததும் இன்னொரு பிடி பிடுங்கினார். அறுபது மாடுகளும் கோடு கிழித்தாற்போல அதன் பின்னே போயின.

நாங்களும் பின்னே போனோம். வயல் முடிந்ததும் மேய்ச்சல்தரை; இடுப்பளவு புல். அதிலும் ஒரு மூலை புதிதாக உழப்பட்டிருந்தது. பூமணி அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு கன்றுகளை நிழலுக்கு ஓட்டினார்.

நானும் ஜெசீமாவும் திரும்பி வந்தபோது, மாடுகள் மிதித்த சேற்றின் இரு ஓரங்களிலும் உவைஸ் கட்டைகள் அறைந்துகொண்டிருந்தார். வழி எட்டடிக்குச் சற்று அதிகமாகவே இருந்தது. “கூடிப்போச்சே?” என்றாள் ஜெசீமா. “கிடக்கட்டும்,” என்றார்.

இரண்டு நாள் கழித்து நான் மட்டும் கொழும்புக்கு ரயிலேறினேன். மன்னம்பிட்டிக்கு அருகே வண்டி தயங்கி நின்றது. எதிரே இருந்த இளைஞர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். எங்கள் கொழும்பில் இரண்டு நிமிடத் தாமதத்துக்கும் இப்படித்தான் முகம் சுளிப்போம். நான் சாளரத்தின் வழியே தலையை நீட்டினேன். தண்டவாளத்தின் மேல் ஒரு பட்டி நிதானமாகக் கடந்து கொண்டிருந்தது.

“இதென்ன ஸ்டேஷன்?” என்று அந்த இளைஞர் கேட்டார்.

“ஸ்டேஷன் இல்லை, தம்பி,” என்றேன். “மாட்டுவழி.”