உப்பின பற்றரி

ஓர்ஸ் ஹில்லில் லாம்பு திருத்துகிறவருக்கு ஒரு பக்கப் புருவம் இல்லை. ஆட்களோடு பகிடி விட்டுச் சிரித்தபடியே, எதையும் திறக்குமுன் மூக்கருகே பிடித்து மணந்து பார்ப்பார். என் சார்ஜ் லாம்புக்குப் புதுப் பற்றரி போடக் கொடுத்தேன். மணந்து பார்த்தவர் பேச்சை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றினார். பழைய பற்றரி பேக்கரிப் பணிஸ் போல உப்பியிருந்தது.

“அம்மா, இதை எங்க வச்சு சார்ஜ் போடுறனீங்கள்?”

“தலகணிக்குப் பக்கத்தில. தனிய இருக்கிறன் தம்பி, இருட்டெண்டால் பயம்.”

“இனி முழிச்சிருக்கேக்க மட்டும் போடுங்கோ. இது வெடிக்கும்.”

அதை வெளியே கொண்டுபோய் மணல் வாளிக்குள் வைத்தார்.

இப்போது நானும் மணந்து பார்த்துவிட்டுத்தான் வயரைச் செருகுகிறேன். புருவம் இல்லாத அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றதில், பற்றரி பழுதானால் என்ன மணம் வரும் என்று கேட்காமல் வந்துவிட்டேன்.